இந்தியாவில் ஜாஸ் இசையின் தொடக்க காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஜாஸ், பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலின் நடன அரங்கில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். மகாராஜாக்கள், பட்டுச் சேலைகள், ஷாம்பெய்ன் கோப்பைகள் என்று அந்தக் காட்சி கண்ணைப் பறிக்கும். மேடையில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கோ அது தொழில், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழி. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால்தான் இந்த இசை ஏன் இங்கே தங்கியது, பிறகு எங்கே போனது என்பது விளங்கும். 1920-களிலிருந்து 1960-களின் தொடக்கம் வரையிலான காலத்தைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே.

ஜாஸ் முதன்முதலில் இந்தியாவுக்கு எப்படி வந்தது?

இசைக்கலைஞர்களுக்கு முன்னால் பொருள்கள் வந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு கப்பல்களில் இசைத்தட்டுகளும் அச்சிட்ட இசைக்குறிப்புத் தாள்களும் பம்பாய், கல்கத்தா துறைமுகங்களில் இறங்கின. லண்டனில் புகழ்பெற்ற ஒரு ஃபாக்ஸ்ட்ராட் (ஜோடியாக ஆடும் நடனம்) மெட்டு சில வாரங்களில் இங்குள்ள ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் ஒலித்தது. அப்போது வாசித்த குழுக்களில் ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், கோவாக்காரர்கள், பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்று பலரும் இருந்தார்கள்.

1926-இல் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்துவந்த ஜிம்மி லெக்விம் என்பவரின் இசைக்குழு கல்கத்தாவிலேயே ‘சோஹோ ப்ளூஸ்’ என்ற உருப்படியைப் பதிவுசெய்தது. லெக்விம் கனடாவைச் சேர்ந்த டிரம்பெட் கலைஞர். இந்திய மண்ணில் பதிவான மிகப் பழைய ஜாஸ் தட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். அமெரிக்காவிலேயே ஜாஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1917-இல்தான். ஒன்பதே ஆண்டுகளில் அந்த இசை கல்கத்தாவின் ஹூக்ளி நதிக்கரையை எட்டிவிட்டது. வானொலி இன்னும் பரவாத காலத்தில் இது வியக்கவைக்கும் வேகம்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் எப்போது வந்தார்கள்?

1935-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். மினியாபொலிஸில் பிறந்த வயலின் கலைஞர் லியான் ஆபி, முழுவதும் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்ட தன் குழுவுடன் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்தார். நியூயார்க்கின் சவாய் நடன அரங்கிலும், தென் அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும் வாசித்த அனுபவம் அவருக்கு இருந்தது. புகழ்பெற்ற அமெரிக்க ஜாஸ் குழுத்தலைவர் டியூக் எலிங்டனிடம் கிளாரினெட் வாசித்த ரூடி ஜாக்சனும் ஆபியின் குழுவில் இருந்தார்.

ஆபிக்குப் பிறகு அந்த மேடையில் குழுவை நடத்தியவர் டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித். பெயரைப் பார்த்து விளையாட்டுக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஜாஸ் என்ற பெயரே பரவாத 1913, 1914-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற இசைக்குழுத் தலைவரின் குழுவில் இசைத்தட்டுகளுக்கு வாசித்தவர் அவர். பின்னர் பாரிஸில் பல ஆண்டுகள் இருந்தவர். பம்பாய்க்காரர்கள் அந்த மேடையில் கேட்டது, ஜாஸ் உருவான நாள்களிலிருந்தே அதனுடன் வளர்ந்த ஒருவரின் ஊதலை. 1936-இல் அவருடைய குழு பம்பாயில் ஒரு பாடலைப் பதிவுசெய்தது. பாக்தாதி யூதக் குடும்பத்தைச் சேர்ந்த பம்பாய் இசைக்கலைஞர் மெனா சைலஸ் அந்த ஹோட்டலைப் புகழ்ந்து இயற்றிய ஃபாக்ஸ்ட்ராட் அது. யூதர் இயற்ற, அமெரிக்கக் கறுப்பினத்தவர் வாசிக்க, பார்சி ஒருவர் கட்டிய ஹோட்டலைப் பற்றிய பாட்டு! அன்றைய பம்பாய் எப்படிப்பட்ட ஊர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அவ்வளவு தூரம் கப்பலேறி வர என்ன காரணம்?

1929-இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது இரவு விடுதிகளும் இசைத்தட்டு நிறுவனங்களும் வரிசையாக மூடப்பட்டன. அதற்கு முன்பே, தென் மாநிலங்களில் நிறவெறியைச் சட்டமாகவே எழுதிவைத்திருந்தார்கள்: தனிப் பள்ளி, தனி இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய். வடக்கே சட்டம் இல்லையென்றாலும் வழக்கம் இருந்தது. தான் வாசித்த ஹோட்டலிலேயே அறை எடுக்க முடியாத கலைஞர்கள் அங்கே ஏராளம்.

ஆசியாவில் பெரிய துறைமுக நகரங்களை இணைத்து ஒரு தொழில் சுற்று உருவாகியிருந்தது. ஷாங்காய், மணிலா, சிங்கப்பூர், கொழும்பு, கல்கத்தா, பம்பாய் என்று ஹோட்டலுக்கு ஹோட்டல் ஒப்பந்தம் கிடைத்தது. ஒரு பருவத்துக்கு இங்கே, அடுத்த பருவத்துக்கு அங்கே. மேடையில் மரியாதையும் கிடைத்தது.

பிரிட்டிஷ் இந்தியா நிறபேதம் அற்ற சொர்க்கமாக இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. இந்தியரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்த வெள்ளையர் கிளப்புகள் அதே தெருக்களில்தான் இருந்தன. இங்கே நிறவெறியின் சுமை உள்ளூர் மக்கள்மீது விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த புகழ்பெற்ற கலைஞர் ஓரளவு அதற்கு வெளியே நிற்க முடிந்தது. அந்த அளவு இடைவெளியே பலரை ஆண்டுக்கணக்கில் இங்கே இருக்க வைத்தது.

டெடி வெதர்ஃபோர்டு யார்? ஏன் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்?

தொடக்க கால இந்திய ஜாஸில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசலாம் என்றால் நான் இவரைத்தான் தேர்ந்தெடுப்பேன். 1903-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்ப் பியானோ கற்றார். 1920-களில் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவின் பியானோ கலைஞர். மௌனப் படங்களுக்கு வாசித்த அந்தக் குழுவில், ஜாஸின் மிகப் புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இருந்தார். 1926 மே மாதம் அந்தக் குழு பதிவுசெய்த இரண்டு உருப்படிகளில் ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டும் வெதர்ஃபோர்டின் பியானோவும் ஒன்றாகக் கேட்கின்றன. சிகாகோவில் அப்போது அவருக்கு இணையாகச் சொல்லப்பட்ட பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸ். ஹைன்ஸ் ஜாஸ் வரலாற்றின் பெரும்பெயர்களில் ஒருவரானார். வெதர்ஃபோர்டு அதே ஆண்டு ஆசியாவுக்குக் கப்பலேறினார்.

ஷாங்காயில் ஒரே இரவில் பல இடங்களில் வாசிக்கும் அளவுக்கு அவருக்குக் கிராக்கி இருந்தது. 1934-இல் அமெரிக்கா சென்று, பின்னாளில் கவுண்ட் பேஸி குழுவில் புகழ்பெறவிருந்த பக் கிளேட்டனின் குழுவை ஷாங்காய்க்கு அழைத்துவந்தார். பிறகு பம்பாய், 1937-இல் பாரிஸில் சில பதிவுகள், மறுபடி இந்தியா, இலங்கை, கடைசியில் கல்கத்தா. சௌரங்கிச் சாலையில் உள்ள கிராண்ட் ஹோட்டலில் அவருடைய குழு இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் வாசித்துவந்தது.

அந்தக் குழுவின் அமைப்பைப் பாருங்கள். சாக்ஸஃபோனில் அமெரிக்கர் ராய் பட்லர். ஜப்பானியப் படையெடுப்புக்குப் பிறகு பர்மாவிலிருந்து வந்த கிளாரினெட் கலைஞர் ரூபன் சாலமன், கிட்டார் கலைஞர் செட்ரிக் வெஸ்ட். டிரம்பெட்டில் நேபாள வம்சாவளியினரான புஷ்கர் பகதூர். ஜார்ஜ் பேங்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். பின்னாளில் இந்திய ஜாஸின் முகமாக மாறிய பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ் இவருடைய மகன். கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அவர்களோடு உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் ஒரே மேடையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து வாசிப்பதே அன்று அபூர்வம்.

1945 ஏப்ரல் 25-இல் காலரா நோயால் கல்கத்தாவில் வெதர்ஃபோர்டு காலமானார். வயது 41. அமெரிக்காவில் இருந்திருந்தால் புகழ் பெற்றிருப்பாரே என்று பலரும் வருந்துவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தியாவில் ஒரு தலைமுறை இசைக்கலைஞர்கள் அவர் அருகில் உட்கார்ந்து கற்றார்கள். அந்த வேலையை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

போர்க்காலக் கல்கத்தாவில் ஜாஸ் ஏன் அவ்வளவு செழித்தது?

சீனாவுக்கும் பர்மா எல்லைக்கும் தளவாடங்கள் கல்கத்தா வழியாகச் சென்றன. ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்கள் அங்கே வந்திறங்கினார்கள். அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவை நோக்கி லெடோ சாலையை வெட்டிய அமெரிக்க வீரர்களில் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்க இராணுவம் நிறத்தின்படி பிரிக்கப்பட்ட இராணுவம். ஊரைவிட்டு அவ்வளவு தூரம் வந்தவர்களுக்குச் சொந்த இசையைக் கேட்கும் பசி இருந்தது. வெதர்ஃபோர்டின் குழு படைவீரர்களுக்கான வானொலியில் ஒலிபரப்பியது. வணிகக் கப்பலில் வேலைசெய்துகொண்டிருந்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞர் அந்தக் குழுவுடன் பாடினார்; பின்னாளில் பெரிய ப்ளூஸ் பாடகரானார். டம்டம் இசைத்தட்டுத் தொழிற்சாலையும் அருகிலேயே இருந்ததால் அந்தக் குழுவின் வாசிப்பு இசைத்தட்டுகளாகவும் நமக்குக் கிடைக்கிறது.

இதே ஆண்டுகளில்தான் வங்கப் பஞ்சம். 1943-இல் தொடங்கிய அந்தப் பேரழிவில் 30 லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். சோறு வடித்த கஞ்சியாவது கிடைக்காதா என்று கிராமத்து மக்கள் நகரத்து நடைபாதைகளில் செத்து விழுந்துகொண்டிருந்தபோது ஹோட்டல்களில் நடனம் நடந்தது. கல்கத்தா ஜாஸின் பொற்காலத்தை எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடக் கூடாது.

கோவாக்காரர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு பெரிய இடம்?

அவர்களுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியும் என்பதே சுருக்கமான விடை. விரிவாகச் சொன்னால், போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் தேவாலயங்களையொட்டி பங்குப் பள்ளிகள் இருந்தன. திருப்பலியில் பாடுவதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது அவற்றின் வேலை. மெஸ்த்ரி என்று அழைக்கப்பட்ட ஆசிரியர், ஐந்து கோடுகளில் எழுதிய மேற்கத்திய நொட்டேஷனை வாசித்துப் பாடக் கற்றுக்கொடுப்பார், வயலினும் சொல்லிக்கொடுப்பார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இது கிடைத்தது. துணைக்கண்டத்தில் வேறெங்கும் இவ்வளவு பரவலாக இந்தப் பயிற்சி இல்லை.

கோவாவில் வேலை இல்லை. ஆகவே பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். சமஸ்தான பேண்டுகள், போலீஸ் பேண்டுகள், மௌனப் படக் கொட்டகைகளின் இசைக்குழுக்கள், கப்பல்கள் என்று மேற்கத்திய இசை தேவைப்பட்ட இடமெல்லாம் அவர்கள் இருந்தார்கள். பம்பாயில் பல கோவாக் கிராமங்களுக்குத் தனித்தனி ‘குட்’ உண்டு. ஊர்க்காரர்கள் சொற்பக் காசு கொடுத்துத் தங்கும் விடுதி அது. ஒரு மூலையில் ஊர்ப் புனிதரின் பீடம், சுவரோரமாகப் பெட்டிகள். கப்பலுக்குக் காத்திருக்கும் மாலுமியும் ஹோட்டலில் வாய்ப்புத் தேடும் டிரம்பெட்காரரும் அங்கே அடுத்தடுத்துப் படுத்தார்கள்.

பேசும் படம் வந்ததும் கொட்டகை இசைக்குழுக்கள் ஒரேயடியாக வேலை இழந்தன. நொட்டேஷன் தெரிந்த நல்ல கலைஞர்கள் வேலை தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஹோட்டல்களுக்கு ஜாஸ் குழுக்கள் தேவைப்பட்டன. ஆபியின் குழுவும் ஸ்மித்தின் குழுவும் தாஜில் வாசித்ததைப் பக்கத்திலிருந்து கேட்டு, பிறகு அந்த அமெரிக்கர்களுடனே உட்கார்ந்து வாசித்து, தாளில் எழுத முடியாத பகுதியையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று அழைக்கப்பட்டவர் யார்?

சிக் சாக்லேட். இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916-இல் கோவாவின் ஆல்டோனா கிராமத்தில் பிறந்தவர். ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளை ஊன்றிக் கேட்டு, அந்த டிரம்பெட் ஒலியையும் கரகரத்த குரலையும், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் பாணியையும்கூடத் தனதாக்கிக்கொண்டார். 1940-களில் அவருடைய குழு பம்பாயின் முன்னணிக் குழுக்களில் ஒன்று. தாஜ் மேடையிலும் வாசித்தது.

அவரை வெறும் நகல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் டிரம்பெட் ஏந்திய எவரும் ஆம்ஸ்ட்ராங்கைப் பின்பற்றாமல் தொடங்கவில்லை, அமெரிக்காவிலும்கூட. சிக் எதைச் சாதித்தார் என்பது அவர் திரைப்படங்களுக்கு வாசித்ததில் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன். 1967-இல் அவர் காலமானார்.

வேறு எந்தச் சமூகத்தினர் வாசித்தார்கள்?

ஆங்கிலோ இந்தியர்களின் பங்கு பெரிது. பம்பாயில் கென் மாக் நடத்திய நடனக் குழு, அமெரிக்கர்கள் வருவதற்கு முன்பிருந்தே புகழ்பெற்றது. பார்சிகளில் கவாஸ் கட்டாவ் என்ற சாக்ஸஃபோன் கலைஞர் ரூடி காட்டன் என்ற மேடைப் பெயரில் குழு நடத்தினார். டிரம்ஸ் கலைஞர் கவாஸ் லார்ட் பிறகு திரையிசைக்குப் போனார்.

தமிழ்நாட்டிலும் இதன் கிளை இருந்தது. பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் போன்ற ரயில்வே ஊர்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ‘இன்ஸ்டிட்யூட்’ என்ற மன்றங்கள் உண்டு. மர நடனத்தளம், கிறிஸ்துமஸ் கால நடன விருந்துகள், அதற்கென்று ஊர்க் குழுக்கள். ஹோட்டலுக்குள் நுழைய முடியாத சம்பளக்காரர்களிடம் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஸ்விங் என்ற துள்ளல் நடை ஜாஸும் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.

பெண்கள்?

குழுக்களின் பாடகிகளாகத் தொடக்கம் முதலே இருந்தார்கள்; பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்கள். ஆனால் இசைத்தட்டு உறைகளில் குழுத்தலைவரின் பெயரே முன்னால் நிற்கும். கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் பாம் கிரெய்னும், பம்பாயில் கிறிஸ் பெரியின் குழுவில் பாடிய லோர்னாவும் சொந்தப் பெயரால் கூட்டம் சேர்த்தவர்கள். லோர்னாவின் கொங்கணிப் பாடல்களில் ஜாஸ் குழுவின் பித்தளைக் கருவிகள் முழு வீச்சில் ஒலிக்கும். கோவாவில் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள்.

ஹோட்டல்களில் வாசித்தது உண்மையிலேயே ஜாஸ்தானா, வெறும் நடன இசையா?

நியாயமான கேள்வி. ஹோட்டல் நிர்வாகம் சம்பளம் கொடுத்தது விருந்தினர்களை ஆடவைக்க. வால்ட்ஸ், டாங்கோ, ரும்பா, ஃபாக்ஸ்ட்ராட் என்று கேட்டதையெல்லாம் வாசிக்க வேண்டும். பாட்டு நீண்டால் ஆடுகிறவர்கள் களைப்பார்கள். இசைத்தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். இந்த இரண்டு கட்டுப்பாடுகளுக்கும் நடுவில் எங்கே ஜாஸ்?

நம் கச்சேரி வழக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். ஒரு கீர்த்தனையை எழுதியபடி பாடுவது ஒரு பகுதி. நிரவலும் கற்பனாஸ்வரமும் வேறு. ஜாஸிலும் மனோதர்மத்துக்கு இடம் உண்டு, ஆனால் விதி வேறு. நமக்கு ராகம் ஒன்று, தாளம் ஒன்று. அவற்றுக்குள் பாடகர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். அவர்களுக்கு வழக்கமாக 32 அளவுகள் (சம எண்ணிக்கைத் தட்டுகள் கொண்ட சிறு பகுதிகள்) கொண்ட ஒரு பாட்டு. அதன் அடியில் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், ஒரு வரிசையில் மாறிக்கொண்டே போகும். தனியாக வாசிப்பவர் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே புதிய மெட்டைக் கட்ட வேண்டும். 32 முடிந்ததும் வட்டம் மறுபடி தொடங்கும், தாள ஆவர்த்தனம் சமத்துக்குத் திரும்புவதைப் போல.

நடனப் பாட்டின் நடுவில் எட்டு அளவோ பதினாறு அளவோ டிரம்பெட்டுக்கோ சாக்ஸஃபோனுக்கோ விடுவார்கள். அந்தச் சில வினாடிகளில் எழுதாததை வாசித்தவர்கள் ஜாஸ் கலைஞர்கள். பிறகு வேலை நேரம் முடிந்து, விருந்தினர்கள் போனபின் தங்களுக்காகவே வாசித்தார்கள். அந்த வாசிப்பு எதுவும் தட்டில் ஏறவில்லை.

ஹிந்தித் திரையிசைக்குள் ஜாஸ் எப்படி நுழைந்தது?

நொட்டேஷன் எழுதத் தெரிந்தவர்கள் வழியாக. அன்றைய ஹிந்தி இசையமைப்பாளர்களில் பலர் ஹிந்துஸ்தானி இசையிலும் நாட்டார் இசையிலும் தேர்ந்தவர்கள். மேற்கத்திய முறையில் எழுதப் பழகாதவர்கள். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் மெட்டை வாசித்துக் காட்டுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் கோவாக்காரர் கேட்டபடியே அதை நொட்டேஷனில் எழுதுவார். பிறகு அவர் வேலை தொடங்கும்: பல்லவிக்கு முன்னால் என்ன வரவேண்டும், இரண்டு சரணங்களுக்கு நடுவில் டிரம்பெட் என்ன ஊதவேண்டும், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வயலின்கள் எந்தப் பக்கம் திரும்பவேண்டும். நாற்பது பேர் உட்காரும் ரெக்கார்டிங்கில் ஒவ்வொருவருக்கும் தனித் தாள். மாலையில் ஹோட்டலில் ஸ்விங் வாசித்த அதே கைகள், காலையில் ஸ்டுடியோவில் இதை எழுதின.

இசையமைப்பாளர் சி. ராமச்சந்திரா இந்தக் கூட்டணியை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்கு இசையமைத்தவர் என்றால் தமிழ் வாசகர்களுக்கு உடனே புரியும். 1951-இல் வந்த ‘அல்பேலா’ படத்தில் சிக் சாக்லேட்டும் அவருடைய குழுவினரும் வாசித்தது மட்டுமல்ல, திரையிலேயே தோன்றினார்கள். ‘ஷோலா ஜோ பட்கே’ பாட்டில் மரகாஸும் போங்கோவும் பின்னால் குலுங்க, டிரம்பெட் உள்ளே வரும் இடத்தைக் கவனியுங்கள். ஹோட்டல் வாசலைத் தாண்டாத கோடிக்கணக்கான மக்கள், தாஜ் மேடையின் ஒலியைத் தகரக் கொட்டகைகளில் கேட்டார்கள்.

ஹிந்தி இசையமைப்பாளர்கள் சங்கர்–ஜெய்கிஷனுடனும் ஓ.பி. நய்யாருடனும் பணியாற்றிய செபாஸ்டியன் டிசூசா, பிராங்க் ஃபெர்னாண்ட் போன்றோரும் இதே வேலையைச் செய்தார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் ‘உதவியாளர்’; பல சமயம் அந்த இடமும் இல்லை. ஒரு பாட்டின் முன்னிசையும் இடையிசையும் மெட்டளவுக்கே நம் நினைவில் நிற்கின்றன. அவற்றை எழுதியவரின் பெயர் வெளியே வராமல் போனதை நான் அநீதி என்றே சொல்வேன். வயலின் கலைஞரும் இசைக்குழு அமைப்பாளருமான அந்தோணி கோன்சால்வஸுக்கு மட்டும் வேறு வகையில் ஒரு மரியாதை கிடைத்தது: அவரிடம் வயலின் கற்ற இசையமைப்பாளர் பியாரேலால், 1977-இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் குருவின் பெயரையே பாட்டின் முதலடியாக்கினார்.

தமிழ்த் திரையிசையில்?

மதராஸ் ஸ்டுடியோக்களிலும் இதே ஏற்பாடுதான். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாடல்களில் கிளப் காட்சி என்றாலே சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும் அக்கார்டியனும் வரிசையில் நிற்கும். நொட்டேஷன் தெரிந்த ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றோர் எம்.எஸ்.விக்கு உதவியாளர்களாக இருந்தார்கள்.

தொடக்க காலத்தில் ஜாஸும் இந்திய மரபிசையும் கலந்தனவா?

மிகக் குறைவு. ஹோட்டலுக்கு வந்தவர்கள் இந்தியாவைக் கேட்க வரவில்லை. லண்டனையும் நியூயார்க்கையும் கேட்க வந்தார்கள். உறவாடல் 1950-களின் இறுதியில்தான் தொடங்கியது. 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுடனும், மதராஸில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடனும் சேர்ந்து வாசித்தார். பழனியின் கைகளைப் புரூபெக்கின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ பார்த்துக்கொண்டிருந்த அந்த அறையில் இருந்திருக்கக் கூடாதா என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன். அடுத்த ஆண்டு புரூபெக் குழு ஒன்பது அட்சரத்திலும் ஐந்து அட்சரத்திலும் அமைந்த உருப்படிகளை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. ஒன்பதுக்கான தூண்டுதல் அதே பயணத்தில் துருக்கியில் கேட்ட தாளம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1963-இல் டியூக் எலிங்டனும் அவருடைய குழுவும் இந்தியா வந்தார்கள். கல்கத்தாவில் பிறந்த வயலின் கலைஞர் ஜான் மேயர், லண்டனில் ஜமைக்காவைச் சேர்ந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் சேர்ந்து 1966-இல் ராகமும் ஜாஸும் இணைந்த இசைத்தட்டை வெளியிட்டார். அதற்குப் பின் நடந்தது வேறு காலத்தின் கதை.

பிறகு ஏன் மங்கியது?

ஒரே காரணம் கிடையாது. 1947-க்குப் பிறகு பிரிட்டிஷ் அதிகாரிகள் போனார்கள்; ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தன. வாசித்தவர்களும் போனார்கள், ஆடியவர்களும் போனார்கள். பம்பாயில் 1950-இல் முழு மதுவிலக்கு வந்ததும் ஹோட்டல்களின் இரவு வருமானம் சரிந்தது. பெரிய குழுவுக்குச் சம்பளம் கொடுப்பது கடினமாயிற்று. அந்த நேரத்தில் சினிமா, நாள்கூலி கொடுத்து அதே கலைஞர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு ராக் அண்ட் ரோல் வந்தது. இளைஞர்கள் கிட்டாரைத் தேடிப் போனார்கள்.

கல்கத்தாவில் மட்டும் பார்க் ஸ்ட்ரீட் உணவகங்கள் 1960-களிலும் தாக்குப்பிடித்தன. டிரிங்காஸ், மோகாம்போ, ப்ளூ ஃபாக்ஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு மாலையும் நேரடி வாசிப்பு நடந்தது.

இந்தக் காலத்தை அறிய எதைக் கேட்டுத் தொடங்கலாம்?

முதலில் 1926-இல் எர்ஸ்கின் டேட் குழு பதிவுசெய்த இரண்டு உருப்படிகள். வெதர்ஃபோர்டு எங்கிருந்து புறப்பட்டார் என்பது தெரியும். அடுத்து, 1940-களின் முதல் பாதியில் அவர் கல்கத்தாவில் பதிவுசெய்த தட்டுகள். வேகம் தணிந்திருக்கும், இடது கை இன்னும் உறுதியாக இருக்கும். மூன்றாவதாக கிரிக்கெட் ஸ்மித் குழுவின் 1936 பம்பாய்ப் பதிவு. இவற்றில் பல இணையத்தில் கிடைக்கின்றன. இசைத்தட்டின் உரசல் ஒலிக்குக் காது பழக ஒரு நிமிடம் பிடிக்கும்; அந்த ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

பிறகு ‘அல்பேலா’ பாடல்களுக்கு வாருங்கள். முதல் தடவை பாட்டாகக் கேளுங்கள். இரண்டாம் தடவை பாடகர்களின் குரலை விட்டுவிட்டு, வரிகளுக்கு இடையில் டிரம்பெட் என்ன செய்கிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள். வெதர்ஃபோர்டையும் ஸ்மித்தையும் முன்பே கேட்டிருந்தால், அந்த ஊதல் எந்த ஹோட்டல் மேடையிலிருந்து நடந்து வந்தது என்பதை நான் சொல்லவேண்டியிருக்காது.